காது மெஷின் வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

"வெளியே தெரியாத அளவுக்குச் சின்னதாக ஒன்று இருக்கிறதா?" செவித்துணைக் கருவி கேட்டு வருபவர்களின் முதல் கேள்வி பெரும்பாலும் இதுதான். அடுத்த கேள்வி விலை. எந்தக் காதில் எந்த ஒலி எவ்வளவு குறைந்திருக்கிறது என்பது மூன்றாவதாக வந்தாலும் வரும், வராமலும் போகும். தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் பீரோவுக்குள் முடங்கிக் கிடக்கும் காது மெஷின்களில் பெரும்பாலானவை இப்படித் தலைகீழ் வரிசையில் வாங்கப்பட்டவையாகத்தான் இருக்கும் என்பது என் கணிப்பு.

காது மந்தமானதும் நேராகக் கருவிக் கடைக்குப் போவது முதல் தவறு. குரும்பி அடைத்திருந்தாலும் காது மந்தமாகும். செவிப்பறையில் ஓட்டை இருந்தாலும், நடுக்காதில் நீர் கோத்திருந்தாலும் அப்படித்தான். இவற்றில் பலவற்றுக்கு மருத்துவம் உண்டு. சீழ் வடியும் காதை, கருவியைப் பொருத்துவதற்காகக் காதுக்குள் வைக்கும் அச்சால் அடைத்தால் காற்றோட்டம் நின்று சீழ் இன்னும் கூடும். ஒரு காது மட்டும் மந்தமாவது, தலைசுற்றல், ஒரே பக்கம் ஓயாத இரைச்சல் ஆகியவை இருந்தால் காது மூக்கு தொண்டை மருத்துவர் பார்க்காமல் கருவியைப் பற்றிப் பேசவே கூடாது. நேற்றுவரை கேட்ட காது இன்று காலை கேட்கவில்லை என்றால் அது அவசர சிகிச்சைக்குரியது. முதல் சில நாட்களுக்குள் மருந்து தொடங்கினால் கேட்கும் திறன் திரும்ப வாய்ப்பு உண்டு. வாரங்கள் கடந்துவிட்டால் அந்த வாய்ப்பு வேகமாகக் குறைகிறது. உடம்புச் சூடு என்று சொல்லி நல்லெண்ணெய் விட்டுக்கொண்டு காத்திருப்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது, கிருஷ்ணகிரிக்காரர்களுக்குப் போலுப்பள்ளியில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. அன்றைக்கே போய்விட வேண்டும்.

அடுத்தது ஆடியோகிராம். 250 ஹெர்ட்ஸ் தொடங்கி 8000 ஹெர்ட்ஸ் வரை, தாழ்ந்த ஒலியிலிருந்து கீச்சென்ற ஒலி வரை, ஒவ்வொரு காதும் எத்தனை டெசிபலில் (ஒலியின் பலத்தைச் சொல்லும் அளவு) கேட்கத் தொடங்குகிறது என்று காட்டும் வரைபடம் அது. ஹெட்போன் வழியாக ஒருமுறை, காதுக்குப் பின்னால் எலும்பில் அதிர்வுக் கருவி வைத்து ஒருமுறை என இரண்டு விதமாகவும் பார்க்க வேண்டும். இரண்டுக்கும் இடையே வித்தியாசம் இருந்தால் கோளாறு வெளிக்காதிலோ நடுக்காதிலோ இருக்கிறது என்று பொருள். கடை வாசலில் நின்று "என் குரல் கேட்கிறதா?" என்று கேட்பதும், கைப்பேசிச் செயலியில் தட்டிப் பார்ப்பதும் இதற்கு ஈடாகாது.

கிரானைட் குவாரியில் பல ஆண்டுகள் வேலை பார்த்த ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவருடைய ஆடியோகிராமில் தாழ்ந்த ஒலிகள் எல்லாம் சரியாக இருக்கும். 4000 ஹெர்ட்ஸ் அருகில் கோடு திடீரென்று இறங்கும். இரைச்சலால் கெட்ட காதின் அடையாளம் அது. இவருக்குப் பேச்சுச் சத்தம் கேட்கும், சொல் பிடிபடாது. உயிரொலிகளின் பலம் தாழ்ந்த அலைவரிசையில் இருக்கிறது. ச, த, ப போன்றவற்றைப் பிரித்துக் காட்டும் மெல்லிய கூறுகள் மேலே இருக்கின்றன. ஆகவே மகன் பேசினால் புரியும், பேத்தி பேசினால் புரியாது. வீட்டில் உள்ளவர்களோ, "வேண்டிய விஷயம் மட்டும் நன்றாகக் காதில் விழும்" என்று கேலி செய்வார்கள். இவருக்கு மேல் அலைவரிசையை மட்டும் உயர்த்தி, காதுத் துளையை முழுவதும் அடைக்காமல் திறந்த முனையோடு பொருத்தும் கருவி ஏற்றது. எல்லா ஒலிகளும் ஒரேபோல் 80 டெசிபல் அளவுக்கு இறங்கிவிட்ட ஒரு பெரியவருக்கு அதே கருவி கீச்சிடுமே தவிரப் பயன் தராது. காதுக்குப் பின்னால் வைக்கும் சக்திவாய்ந்த கருவியும், அவர் காதுக்கென்றே அளவெடுத்த அச்சும் அவருக்குத் தேவை. காலமான தாத்தாவின் கருவியை அப்படியே பாட்டிக்குப் போட்டுவிடுவது, அண்ணனின் பவர் கண்ணாடியைத் தம்பி மாட்டிக்கொள்வது போன்றதுதான். (குவாரி வேலை தொடர்ந்தால் அங்கே கருவியைக் கழற்றிவிட்டு இரைச்சல் தடுப்பான் அணிய வேண்டும். கருவி பாதுகாப்புக் கவசம் அல்ல.)

இணையத்தில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஒலிபெருக்கிகளின் சிக்கலும் இதுதான். அவை எல்லாவற்றையும் சேர்த்தே ஏற்றுகின்றன. ஏற்கெனவே நன்றாகக் கேட்கும் ஒலி காதைக் குடையும், கேட்காத ஒலி அப்போதும் கேட்காது. அமெரிக்காவில் 2022 முதல் லேசான, நடுத்தரக் குறைபாடு உள்ள பெரியவர்கள் மருத்துவர் சீட்டு இல்லாமலே வாங்கத் தனி வகைக் கருவிகளை அனுமதித்திருக்கிறார்கள். அதற்கென அங்கே விதிமுறைகள் உண்டு. அந்தச் செய்தியைக் காட்டி இங்கே விற்கப்படும் மலிவு ஒலிபெருக்கி அந்த வகையில் சேர்ந்ததாகிவிடாது.

ஓசூர், தேன்கனிக்கோட்டை, தளிப் பக்கத்தவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பரிசோதனையில் சொற்களைச் சொல்லி, திருப்பிச் சொல்லச் செய்யும் பகுதி ஒன்று உண்டு. வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசும் மூதாட்டிக்கு அதைத் தமிழில் நடத்தினால், காது தோற்றதா மொழி தோற்றதா என்று தெரியாது. எந்த மொழி பழக்கம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

இனி, வெளியே தெரியாத கருவி. லேசான குறைபாடும், நல்ல பார்வையும், நடுங்காத விரலும் உள்ளவருக்கு அது பொருந்தலாம். மண்வெட்டி பிடித்துக் காய்த்துப்போன விரல்களுக்கு, மிளகு போன்ற 10 எண் பேட்டரியை மாற்றுவது தினசரி வேதனை. 13 அல்லது 675 எண் பேட்டரி பெரிது. கையில் நிற்கும், அதிக நாளும் வரும். எந்த எண்ணாக இருந்தாலும் ஒட்டியிருக்கும் தாளை உரித்தவுடன் காற்றுப் பட்டு பேட்டரி வேலை செய்யத் தொடங்கிவிடும் என்பதால், முன்கூட்டியே எல்லாவற்றையும் உரித்து வைக்கக் கூடாது. காதுக்குள் முழுவதும் இறங்கும் கருவிகளில் குரும்பியும் வியர்வையும் சீக்கிரம் புகுந்துவிடும். வயல்வேலை செய்பவர், மாம்பழக்கூழ் ஆலையில் ஆவிக்கு நடுவே நிற்பவர் ஆகியோர் ஈரத்தைத் தாங்கும் கருவியா என்று கேட்டு, இரவில் வைக்க ஈரம் உறிஞ்சும் டப்பாவும் சேர்த்து வாங்க வேண்டும். சார்ஜ் செய்யும் வகை வசதியானது. மின்வெட்டு மிகுந்த மலைக்கிராமத்தில் அதையே நம்பி இருக்க முடியுமா என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

இரண்டு காதும் மந்தமாக இருக்கும்போது பணத்தை மிச்சப்படுத்த ஒரு காதுக்கு மட்டும் விலையுயர்ந்ததை வாங்குவதைவிட, நடுத்தர விலையில் இரண்டு வாங்குவது பெரும்பாலும் நல்லது. பின்னால் வரும் வண்டி எந்தப் பக்கம் என்று தெரிய இரண்டு காதும் வேண்டும்.

விலை சில ஆயிரத்தில் தொடங்கி, ஒரு காதுக்கே லட்சத்தைத் தாண்டும். இத்தனை சேனல் (ஒலியைத் தனித்தனியாகத் திருத்தப் பிரிக்கும் பட்டைகள்) என்று எண்ணிக்கையைக் காட்டி விற்பார்கள். நாள் முழுவதும் வீட்டுத் திண்ணையில் இரண்டு பேரோடு பேசுபவருக்கு அந்த எண்ணிக்கையால் பெரிய பயன் இல்லை. போச்சம்பள்ளிச் சந்தையில் வியாபாரம் செய்பவருக்கு, எதிரே நிற்பவரின் குரலை முன்னிறுத்தும் மைக்கும் இரைச்சல் குறைப்பும் காசுக்குத் தகும். அமைதியான அறையில் எந்தக் கருவியும் நன்றாகத்தான் கேட்கும். மாட்டிக்கொண்டு பஸ் நிலையம் வரை நடந்து பாருங்கள். டீக்கடையில் உட்கார்ந்து பேசிப் பாருங்கள். சில நாள் வீட்டில் வைத்துப் பார்க்கத் தருவார்களா என்றும் கேளுங்கள். கல்யாண மண்டபத்தை மட்டும் அளவுகோலாக வைக்காதீர்கள். அந்த ஸ்பீக்கர் சத்தத்தில் நல்ல காது உள்ளவர்களுக்கே எதுவும் புரிவதில்லை.

பலரும் கணக்கில் எடுக்காதது, வாங்கிய பிறகு வரும் வேலை. பெங்களூரில் வேலை பார்க்கும் மகன் அப்பாவை அழைத்துப்போய் நல்ல கருவியாகவே வாங்கித் தருவார். முதல் வாரம் தட்டுச் சத்தம் தலையில் அடிக்கும், தன் குரலே பானைக்குள்ளிருந்து வருவதாகத் தோன்றும். மூளை மறந்துபோன ஒலிகளோடு மீண்டும் பழகுவதற்குச் சில வாரங்கள் ஆகும். அதற்குள் இரண்டு மூன்று முறையாவது கணினியோடு இணைத்து அளவைத் திருத்த வேண்டியிருக்கும். தர்மபுரியிலிருந்து பெங்களூர் சுமார் 130 கிலோமீட்டர். மகனுக்கு லீவு கிடைக்கும்வரை கருவி பீரோவில் இருக்கும். ஆகவே வாங்கும் முன்பே, அந்த நிறுவனத்தின் கருவியை ஊருக்குப் பக்கத்தில் யார் திருத்தித் தருவார்கள் என்று விசாரித்துவிட வேண்டும். சில ஊர்களுக்கு நிபுணர் மாதத்தில் ஒரு நாள் மட்டுமே வந்துபோவார். வருபவர் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு பெற்றவரா என்று கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை.

இலவசக் கருவி என்றால் தரமில்லை என்று ஒதுக்குவதும் தவறுதான். மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016-ன்படி இரண்டு காதுகளிலும் 60 டெசிபலும் அதற்கு மேலும் இழப்பு இருந்தால் அது செவித்திறன் குறைபாடு. 40 விழுக்காடு ஊனச் சான்று உள்ளவர்கள் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம். மத்திய அரசின் அடிப் (ADIP) திட்டத்திலும் வருமான வரம்புக்கு உட்பட்டுக் காதுக்குப் பின்னால் வைக்கும் கருவி தருகிறார்கள். பிரச்சினை வேறிடத்தில் இருக்கிறது. முகாமில் வாங்கிய கருவியைத் தன் ஆடியோகிராமுக்கு ஏற்பத் திருத்தாமல், அச்சும் எடுக்காமல் மாட்டினால் கீச்சிடத்தான் செய்யும். அச்சுக்கும் திருத்தத்துக்கும் கொஞ்சம் செலவழித்தால் அதே கருவி பேசவைக்கும்.

குழந்தைகள் விஷயத்தில் இந்தக் கணக்குகள் எதுவும் பொருந்தாது. "அவன் தாய்மாமனும் தாமதமாகத்தான் பேசினான்" என்று காத்திருக்க வேண்டாம். மூன்று மாதத்துக்குள் குறைபாட்டை உறுதிசெய்து ஆறு மாதத்துக்குள் கருவி பொருத்துவதுதான் உலகெங்கும் பின்பற்றப்படும் இலக்கு. காது வளர வளர அச்சையும் மாற்ற வேண்டும்.

பணம் கொடுக்கும்போது பில்லைப் படித்துப் பாருங்கள். செவித்துணைக் கருவிக்கு ஜிஎஸ்டி கிடையாது. பில்லில் அதற்கு வரி போட்டிருந்தால் ஏன் என்று கேளுங்கள். இரண்டு கருவிகளின் வரிசை எண்களும், வாரண்டி எத்தனை ஆண்டு, அச்சுக்கும் பின்னர் வரும் திருத்தங்களுக்கும் தனிக் கட்டணமா என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும். உங்கள் ஆடியோகிராமின் நகலையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த முறை வேறு ஊரில், வேறு நிபுணரிடம் போனாலும் அந்தத் தாள் தேவைப்படும்.