கொலுசோடு நின்றுவிடும் பருமன்: லிப்பிடீமாவோடு வாழும் பெண்களுக்கும் வீட்டாருக்கும்

முதல் பிரசவத்துக்குப் பிறகு என் மைனியின் (அண்ணன் மனைவியின்) கால்கள் பருக்கத் தொடங்கியபோது, தக்கலையில் எங்களைச் சுற்றியிருந்தவர்களில் பாதிப் பேர் யானைக்கால் என்றார்கள். மீதிப் பேர் மரச்சீனியைக் குறைக்கச் சொன்னார்கள். அது லிப்பிடீமா என்று தெரியவர ஒன்பது ஆண்டுகள் ஆயின. தோலுக்கு அடியில் கொழுப்பு இரண்டு பக்கமும் ஒன்றுபோலச் சேரும் இந்த நோயை 1940ஆம் ஆண்டிலேயே அமெரிக்க மருத்துவர்கள் விவரித்திருக்கிறார்கள். பெரும்பாலும் பெண்களுக்கே வரும். வயதுக்கு வரும்போதோ, கர்ப்ப காலத்திலோ, மாதவிடாய் நிற்கும் பருவத்திலோ தலைகாட்டும். தாய்வழியிலும் பாட்டிவழியிலும் தொடர்வதுண்டு.

முதலில் கணுக்காலைப் பாருங்கள். லிப்பிடீமாவில் பருமன் கொலுசு போடும் இடத்தில் வளையம் வைத்ததுபோல நின்றுவிடும். அதற்குக் கீழே பாதம் மெலிந்தே இருக்கும். பிறகு காலின் இரண்டாம் விரல் பாதத்தோடு சேரும் இடத்தில், மேல்பக்கத் தோலை இரு விரல்களால் கிள்ளித் தூக்குங்கள். நிணநீர் (திசுக்களிலிருந்து வடியும் நீர்) தேங்கி வரும் வீக்கத்தில், யானைக்காலிலும் அப்படித்தான், தோல் தடித்துக் கிள்ள வராது, பாதமும் வீங்கியிருக்கும், பெரும்பாலும் ஒரு காலில்தான் கூடுதலாக இருக்கும். லிப்பிடீமாவில் தோல் எளிதாகக் கிள்ள வரும். ஆனால் நோய் முற்றினால் நிணநீர் வீக்கமும் சேர்ந்துகொள்ளலாம் என்பதால், இந்தச் சோதனையோடு நின்றுவிடாமல் மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும். போகும்போது பருமன் எப்போது தொடங்கியது, தொட்டால் வலிக்கிறதா, இடிபடாமலே நீலம் பாய்கிறதா, வயிறு குறைந்தபோதும் கால் குறையாமல் இருந்ததா என்பவற்றை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனால், 'எடையைக் குறையுங்கள்' என்ற ஒரே வரியோடு உங்களைத் திருப்பி அனுப்புவது கடினமாகும்.

பட்டினி கிடந்து இந்தக் கொழுப்பைக் கரைக்க முடியாது. அளவான உணவு தேவைதான், ஏனென்றால் கூடுதல் எடை முட்டுக்குப் பெரும் சுமை. ஆனால் கால் மெலியவில்லை என்று தன்னைத் தண்டித்துக்கொள்வதால் பயனில்லை. இடுப்பளவு தண்ணீரில் நடப்பதும் நீந்துவதும் மிக நல்லது: தண்ணீரே காலைச் சுற்றி அழுத்துகிறது, முட்டும் சுமையின்றி அசைகிறது. நம் குமரி மாவட்டத்தில் குளத்துக்குப் பஞ்சமில்லை. காலில் புண்ணோ வெடிப்போ இருந்தால் மட்டும் இறங்க வேண்டாம். அண்டியாபீசில் (முந்திரி ஆலையில்) நாள் முழுக்க உட்கார்ந்து வேலை செய்பவர்கள், இடையிடையே எழுந்து நாலடி நடப்பதை விட்டுவிடக் கூடாது.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். நம் ஊரில் கால்வலி என்றதும் ஆசானிடம் உழிச்சலுக்குப் போவது வழக்கம். வர்மத்தின் மீது எனக்கு மதிப்பு உண்டு. ஆனாலும் எண்ணெய் தேய்த்து அழுத்தி உழியும் முறை இந்தக் கால்களுக்கு ஆகாது. மைனியின் தொடையில் அதற்குப் பிறகு பத்து நாள் கருநீலத் திட்டுகள் இருந்தன. இறகால் தடவுவதுபோல மெல்லச் செய்யும் நிணநீர் வடிப்பு வேறு. அதைப் பயிற்சி பெற்ற பிசியோதெரபிஸ்டிடமே செய்துகொள்ளுங்கள்.

மனத்தின் வலியை இவ்வளவு தள்ளி எழுதுவதால் அது சிறியது என்று பொருளல்ல. கல்யாண வீட்டில் 'என்ன இப்படி ஊதிப்போனா' என்று ஒருவர் கேட்டதிலிருந்து மைனி மூன்று ஆண்டுகள் எந்த விசேஷத்துக்கும் வரவில்லை. வெட்கம் மெல்ல மெல்ல மனச்சோர்வாக மாறும். சிலர் சாப்பாட்டையே வெறுப்பார்கள். தூக்கம் கெட்டு, எதிலும் பிடிப்பின்றி இரண்டு வாரம் போனால் மனநல மருத்துவரைப் பாருங்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416இல் எந்த நேரமும் தமிழில் இலவசமாகப் பேசலாம்.

அழுத்தக் காலுறையை, நாளங்களில் ரத்த ஓட்டத்தைப் பரிசோதித்த பின், அளவெடுத்தே வாங்குங்கள். காலையில் கட்டிலை விட்டு இறங்கும் முன் போட வேண்டும், ஆனால் அது எளிதில் ஏறாது. பாத்திரம் கழுவும் ரப்பர் கையுறையை மாட்டிக்கொண்டால் பிடி கிடைக்கும். எங்கள் வீட்டில் இப்போது தினமும் காலையில் அண்ணன்தான் அந்தக் கையுறையோடு கட்டிலருகே உட்காருகிறார்.