குழந்தைகள் பாதுகாப்பு வேலை ஒழுங்காக நடக்கிறதா என்று அளப்பது எப்படி? முதலில் தேதியைப் பாருங்கள்

"இந்த ஆண்டு இத்தனை குழந்தைகள் மீட்கப்பட்டனர், இத்தனை விழிப்புணர்வுக் கூட்டங்கள் நடத்தப்பட்டன" என்று ஒரு அறிக்கை உங்கள் கைக்கு வந்தால் அதை மூடி வைத்துவிடலாம். வேலை நடந்தது என்பதற்கு மேல் அது எதையும் சொல்லாது. அந்தக் குழந்தைக்கு என்ன ஆனது, எத்தனை நாளில் ஆனது, போன இடத்தில் இன்னும் பத்திரமாக இருக்கிறதா என்பதெல்லாம் வேறு கணக்கு, அந்தக் கணக்கைப் போடுவது எப்படி என்றுதான் சொல்லப் போகிறேன். சென்னையில் தொண்டு நிறுவனத்தில் புதிதாகச் சேர்ந்திருப்பவர், சமூகப்பணி படிக்கிறவர், இந்தப் பக்கம் செய்தி எழுதுகிற நிருபர், எல்லோருக்கும் இது உதவும்.

முதலில் இரண்டு பாதையையும் கலக்காதீர்கள். ஆதரவு இல்லாத, ஓடிவந்த, கொடுமைக்கு ஆளான குழந்தை போவது குழந்தைகள் நலக் குழுவுக்கு. குற்றம் செய்ததாகச் சொல்லப்படும் பதினெட்டு வயதுக்குட்பட்டவர் போவது இளைஞர் நீதிக் குழுமத்துக்கு, அங்கிருந்து சிலர் கெல்லீஸில் இருக்கிற அரசினர் கூர்நோக்கு இல்லத்துக்கு (விசாரணை நடக்கும்போது தங்கவைக்கும் இடம்). பல அறிக்கைகளில் இரண்டையும் சேர்த்து "பயனடைந்த குழந்தைகள்" என்று ஒரே எண்ணாகப் போட்டிருப்பார்கள். பிரித்துக் கேளுங்கள்.

சரி, எதை வைத்து அளப்பது? அளவுகோலை நாம் உட்கார்ந்து கண்டுபிடிக்க வேண்டியதே இல்லை, 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம் ஏற்கெனவே கெடு வைத்திருக்கிறது. குழந்தையைப் பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள் குழு அல்லது குழுமம் முன் ஆஜர்படுத்த வேண்டும். குழந்தையின் குடும்பச் சூழலைச் சொல்லும் சமூக விசாரணை அறிக்கை பதினைந்து நாளில் வர வேண்டும். நலக் குழு நான்கு மாதத்துக்குள் இறுதி உத்தரவு போட வேண்டும், மாதத்தில் குறைந்தது 20 நாள் அமர வேண்டும். நீதிக் குழுமத்துக்கும் விசாரணைக்கு நான்கு மாதம், காரணம் எழுதி இன்னும் இரண்டு மாதம் நீட்டிக்கலாம். பதினாறு வயது தாண்டியவர் மீது கொடிய குற்றச்சாட்டு இருந்தால், அவரைப் பெரியவர்போல் விசாரிக்கலாமா என்று பார்க்கும் முதற்கட்ட மதிப்பீட்டை மூன்று மாதத்தில் முடிக்க வேண்டும். போக்சோ (குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் சட்டம்) வழக்கு என்றால் நீதிமன்றம் வழக்கை எடுத்துக்கொண்டதிலிருந்து 30 நாளில் குழந்தையின் சாட்சியம் பதிவாக வேண்டும், முடிந்தவரை ஓராண்டில் விசாரணை முடிய வேண்டும். இதில் ஒவ்வொன்றும் ஒரு அளவீடு. இரண்டு தேதி இருந்தால் போதும், கழித்துப் பார்த்துவிடலாம்.

எக்செல்லைத் திறந்து ஒரு குழந்தைக்கு ஒரு வரி என்று ஆரம்பியுங்கள். சம்பவத்துக்கு ஒரு வரி போட்டால் ஒரே பையன் மூன்று தடவை வந்தால் மூன்று குழந்தையாகிவிடுவான். பெயர் வேண்டாம், குறியீட்டு எண் போதும். பெயர், படம், பள்ளி, முகவரி என அடையாளம் தெரியும்படி எதை வெளியிட்டாலும் இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை அல்லது இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், இரண்டுமே கூட விழலாம். அதனால் பெயரும் குறியீடும் சேர்ந்திருக்கும் பட்டியலைத் தனியாகப் பூட்டி வையுங்கள், வாட்ஸ்அப்பில் அனுப்பவே அனுப்பாதீர்கள். வரியில் இருக்க வேண்டியவை: தகவல் கிடைத்த தேதி, ஆஜர்படுத்திய தேதி, சமூக விசாரணை அறிக்கை வந்த தேதி, இறுதி உத்தரவு தேதி, வெளியே போன தேதி, எங்கே போனது, ஆறு மாதம் கழித்து என்ன நிலை. கடைசிக் கட்டம் பெரும்பாலும் காலியாகத்தான் இருக்கும். அது காலியாக இருப்பதே ஒரு தகவல், எத்தனை காலி என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

இப்போது சராசரி. ஒரு இல்லத்திலிருந்து வெளியே போன ஒன்பது பேர் உள்ளே இருந்த நாட்கள் 4, 6, 7, 9, 11, 14, 20, 95, 210 என்று வைத்துக்கொள்வோம் (எடுத்துக்காட்டுக்கு நான் போட்ட எண்கள்தான்). சராசரி கிட்டத்தட்ட 42 நாள். ஆனால் 42 நாளை ஒட்டி இருந்த குழந்தை இதில் ஒன்றுகூட இல்லை. வரிசைப்படுத்தி நடுவில் இருப்பதை எடுத்தால் 11 நாள், பெரும்பாலானவர்களின் அனுபவத்துக்கு அதுதான் நெருக்கம். அப்புறம் அந்த 95-யும் 210-யும் தனியாக எடுத்து, ஏன் இவ்வளவு நாள் என்று ஒவ்வொரு பைலாகக் கேட்க வேண்டும். பெரும்பாலும் ஜாமீன் கிடைத்தும் அழைத்துப்போக ஆள் வராதது, வேறு மாநிலத்து முகவரி, வயதுச் சான்று வராதது என்று ஏதாவது ஒன்றில் போய் நிற்கும்.

இதைவிடப் பெரிய பொறி ஒன்று இருக்கிறது. மேலே போட்ட கணக்கு வெளியே போனவர்களை மட்டும் வைத்துப் போட்டது. 300 நாளாக இன்னும் உள்ளேயே இருக்கும் பையன் அதில் வரவே மாட்டான், அவன் வெளியே போகும்வரை அறிக்கை அழகாகவே இருக்கும், அவன் போகிற மாதம் திடீரென்று "செயல்பாடு மோசமாகிவிட்டது" என்று காட்டும், உண்மையில் அந்த மாதம்தான் ஒரு நல்ல காரியம் நடந்திருக்கும். அதனால் ஒவ்வொரு மாதக் கடைசி நாளிலும் உள்ளே இருப்பவர்கள் எத்தனை பேர், அன்றைய தேதிக்கு எத்தனை நாள் ஆகியிருக்கிறது, நான்கு மாதம் தாண்டியவர்கள் எத்தனை பேர் என்று இன்னொரு கணக்கு கட்டாயம் வேண்டும். ஒரே ஒரு கணக்குதான் போட நேரம் இருக்கிறது என்றால் இதைப் போடுங்கள்.

"முடிக்கப்பட்ட வழக்குகள்" என்ற எண்ணையும் நம்பிவிட வேண்டாம். சிறு குற்ற வழக்கில் நீட்டித்த கெடுவுக்குள்ளும் விசாரணை முடியவில்லை என்றால் நடவடிக்கை தானாக முற்றுப்பெறும் என்று சட்டத்தின் 14-ஆம் பிரிவு சொல்கிறது. பையனுக்கு அது நல்லதுதான். ஆனால் தாமதத்தால் முற்றுப்பெற்ற வழக்கும் விசாரித்து முடித்த வழக்கும் ஒரே கட்டத்தில் உட்கார்ந்தால், வேலை செய்யாமலே முடித்த கணக்கு ஏறிவிடும். எப்படி முடிந்தது என்று வகை பிரித்துக் கேளுங்கள்.

குழந்தைகள் நலப் பக்கம் இதே கதை வேறு உருவத்தில் வரும். சென்ட்ரலிலோ எழும்பூரிலோ ரயிலிலிருந்து இறங்கும் பன்னிரண்டு வயதுப் பையனை உதவி மையத்தில் உட்காரவைத்து, நலக் குழு முன் நிறுத்தி, அப்பாவை வரவழைத்து அனுப்பிவைக்கிறார்கள். பதிவேட்டில் "பெற்றோரிடம் ஒப்படைக்கப்பட்டார்" என்று எழுதி, அப்பாவின் கையெழுத்து, ஆதார் நகல், முடிந்தது. அவன் எதற்காக ஓடிவந்தானோ அது அந்த வீட்டிலேயேதான் இருக்கிறது. எனவே ஒப்படைத்த எண்ணிக்கையை அளவீடாக எடுக்காதீர்கள். ஒப்படைத்தவர்களில் எத்தனை பேரின் சொந்த மாவட்டத்துக்குத் தகவல் போனது, எத்தனை வீட்டுக்கு யாராவது நேரில் போனார்கள், ஆறு மாதத்தில் எத்தனை பேர் பள்ளியில் இருக்கிறார்கள், எத்தனை பேர் திரும்ப ஏதாவது ஒரு ஸ்டேஷனில் கிடைத்தார்கள் என்று கேளுங்கள். மிஷன் வாத்சல்யா என்ற மத்திய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டத்தில் மாதம் 4,000 ரூபாய் நிதி ஆதரவு இருக்கிறது. வறுமைதான் காரணம் என்று எழுதியிருக்கும் வீடுகளில் எத்தனைக்கு அது போய்ச் சேர்ந்தது, உத்தரவு போட்டு எத்தனை நாளில் முதல் தவணை ஏறியது என்பது கேட்க வேண்டிய கேள்வி.

எண் கூடினால் நிலைமை மோசம் என்று எழுதிவிடாதீர்கள், முக்கியமாக நிருபர்கள். ஒரு பள்ளியில் குழந்தைகள் உதவி எண் 1098 பற்றி நன்றாகச் சொல்லிக்கொடுத்தால் அடுத்த மாதம் புகார் கூடத்தான் செய்யும். ஒரு புகாரும் வராத பகுதியைப் பற்றித்தான் நான் முதலில் கவலைப்படுவேன். புகார் வந்ததிலிருந்து யாராவது நேரில் போய்ப் பார்க்க எத்தனை மணி நேரம் ஆனது என்பதைப் பாருங்கள். ஆஸ்திரேலியாவில் உற்பத்தித்திறன் ஆணையம் ஆண்டுதோறும் வெளியிடும் அரசு சேவைகள் அறிக்கையில் புகார் வந்து விசாரணை தொடங்க ஆகும் நேரத்தை ஒரு அளவீடாக வைத்திருக்கிறார்கள். கொடுமை நடந்தது விசாரணையில் உறுதியான குழந்தைக்கு ஓராண்டுக்குள் மறுபடி கொடுமை நடந்ததா என்றும் பார்க்கிறார்கள். அதை அப்படியே இங்கே கடன் வாங்கலாம்.

மறுபடி குற்றம் செய்தார்களா என்பதுதான் எல்லோரும் கேட்கும் கேள்வி, எனக்கு மிகவும் சந்தேகமான அளவீடும் அதுதான். காவல்துறைப் பதிவு எண்ணுவது பிடிபட்டதை. ஒரு தடவை பேர் அடிபட்ட பையனை ஏரியாவில் எது நடந்தாலும் கூட்டிப்போவார்கள் என்பது வடசென்னையில் வேலை செய்கிறவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. போதாததற்கு, 24-ஆம் பிரிவின்படி பெரும்பாலான சிறார்களின் பதிவுகளை உரிய காலத்துக்குப் பின் அழித்துவிட வேண்டும். அது சரியான ஏற்பாடு, அளப்பதற்காக அதை உடைக்கச் சொல்லாதீர்கள். படிப்பு தொடர்கிறதா, தொழிற்பயிற்சி முடித்தாரா, வெளியே வந்தபின் நன்னடத்தை அலுவலர் எத்தனை தடவை பார்த்தார் என்று போங்கள்.

ஆண்டுக்கு ஆண்டு ஒப்பிடும்போது எல்லை மாறியதா என்று பாருங்கள். 2018-இல் சென்னை மாவட்டம் விரிந்தது, 2019-இல் செங்கல்பட்டு தனி மாவட்டமானது, 2022-இல் தாம்பரமும் ஆவடியும் தனி காவல் ஆணையரகங்களாகப் பிரிந்தன. 2021-இன் சென்னைக் காவல்துறை எண்ணையும் 2022-இன் எண்ணையும் பக்கத்தில் வைத்து "குறைந்துவிட்டது" என்று சொன்னால் யாரோ ஒருவர் சிரிப்பார்.

எண்களை வாங்க தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது, கட்டணம் பத்து ரூபாய், கெடு முப்பது நாள். "குழந்தைகளின் விவரம் தருக" என்று கேட்டால் தனிநபர் தகவல் என்று தட்டிவிடுவார்கள், அது நியாயமும்கூட. "மாதக் கடைசி நாளன்று நான்கு மாதத்துக்கு மேல் நிலுவையில் இருந்த விசாரணைகளின் எண்ணிக்கை, மாதவாரியாக", "நலக் குழு அமர்ந்த நாட்கள், மாதவாரியாக", "ஆய்வுக் குழு ஒவ்வொரு இல்லத்துக்கும் சென்ற தேதிகள்" என்று கேளுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது ஆய்வு நடக்க வேண்டும், ஒரு வாரத்தில் அறிக்கை போக வேண்டும் என்பது சட்டம்.

ஆனால் ஒரு இல்லத்துக்குள் நடப்பது தேதியில் தெரியாது. செங்கல்பட்டு கூர்நோக்கு இல்லத்தில் 2022 கடைசியில் ஒரு சிறுவன் இறந்து, பணியாளர்கள் கைதாகி, ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் ஒருநபர் குழு அமைத்தார்கள். மாதாந்திரப் படிவத்தில் எந்தக் கட்டத்தில் அது முன்கூட்டியே தெரிந்திருக்கும்? அதனால் உள்ளே போக அனுமதி கிடைத்தால் ஆலோசனைப் பெட்டியைப் பாருங்கள். சாவி யாரிடம், கடைசியாக எப்போது திறந்தது, எத்தனை சீட்டு இருந்தது, அதில் எத்தனைக்குப் பதில் எழுதியிருக்கிறது. கண்காணிப்பாளர் அறைக்கு வெளியே, அவர் நாற்காலியிலிருந்து தெரிகிற மாதிரி பெட்டி மாட்டியிருந்தால் சீட்டு இல்லாததற்கு வேறு காரணம் தேட வேண்டாம். காயம், மருத்துவமனைக்குக் கூட்டிப்போனது, தப்பியோடியது, இந்த மூன்று பதிவேடுகளையும் தேதிவாரியாகப் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். ஒரே ஷிஃப்டில் அடிக்கடி வந்தால் அது தற்செயல் இல்லை.

கணக்கு கையில் வந்ததும் யாரிடம் கொடுப்பது? நலக் குழுவும் நீதிக் குழுமமும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை நிலுவை விவரத்தை மாவட்ட ஆட்சியருக்கு அனுப்ப வேண்டும். இளைஞர் நீதிச் சட்டத்தின் 2021 திருத்தத்துக்குப் பின் ஆட்சியருக்கு மேற்பார்வைப் பொறுப்பும் கூடியிருக்கிறது. அந்தக் காலாண்டு முடிய இரண்டு வாரம் இருக்கும்போதே உங்கள் ஒரு பக்கத் தாளை மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் காட்டிவிடுங்கள். தவறான எண் இருந்தால் அவர்களே திருத்துவார்கள், சரியான எண் இருந்தால் அறிக்கை ஆட்சியருக்குப் போவதற்கு முன்னாலேயே நாலு பைல் நகரும்.