நாய், பூனை ரத்த ஸ்லைடில் எது எந்த அணு? முதன்முறை பார்ப்பவர்களுக்கு

ஸ்லைடை மைக்ரோஸ்கோப்பில் வைத்ததும் வெள்ளையணுவைத் தேடத் தொடங்காதீர்கள். முதலில் சிவப்பணுவை நன்றாகப் பழகிக்கொள்ளுங்கள். மற்ற எல்லா அணுக்களையும் அளக்க அதுதான் உங்கள் அளவுகோல்.

படி 1: விளிம்பு

10 மடங்கு லென்ஸில், ரத்தம் மெலிந்து முடியும் இறகு போன்ற விளிம்பை ஒரு முறை முழுக்கப் பாருங்கள். தட்டணுக்கள் திரண்டு கட்டியாகி அங்கேதான் ஒதுங்கிக் கிடக்கும். பூனை ரத்தத்தில் இது அடிக்கடி நடக்கும். அதனால், பூனைக்குத் தட்டணு குறைவு என்று ரத்த அணுக்களை எண்ணும் கருவி சொன்னால், இந்த விளிம்பைப் பார்க்காமல் நம்பவே கூடாது. நாயாக இருந்தால் இதயப்புழுவின் நுண்குட்டிகளும் இங்கே கண்ணில் படலாம்.

படி 2: ஒற்றை அடுக்கு

விளிம்பிலிருந்து கொஞ்சம் உள்ளே வாருங்கள். சிவப்பணுக்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல், தொட்டும் தொடாமலும் பரவியிருக்கும் இடம் வேண்டும். சரி, இப்போது எண்ணெய் விட்டு 100 மடங்கு லென்ஸுக்கு மாறுங்கள்.

நாயின் சிவப்பணு சுமார் 7 மைக்ரோமீட்டர். நடுவில் வெளிறிய வட்டம் பளிச்சென்று தெரியும். பூனையுடையது அதைவிடச் சிறியது, 6 மைக்ரோமீட்டருக்குள்தான். நடு வெளிறல் லேசாகத்தான் இருக்கும். விளிம்பின் நுனியில் நாயின் அணுக்களுக்கும் அந்த வெளிறல் மறைந்துவிடும். அதை நோய் என்று எழுதிவிடாமல் இருக்கத்தான் இடத்தைப் பற்றி இவ்வளவு சொல்கிறேன். பூனையின் சிவப்பணுக்கள் நாணயம் அடுக்கியதுபோல் வரிசை கட்டி நிற்பதும் பெரும்பாலும் இயல்பே.

படி 3: தட்டணு

கரு இல்லாத, ஊதாப் புள்ளிகள் தூவிய சிறு துண்டுகள். பூனையில் சில தட்டணுக்கள் சிவப்பணு அளவுக்கே இருக்கும், பயப்பட வேண்டாம். 100 மடங்கு லென்ஸில் 10 புலங்களில் (ஒரு நேரத்தில் கண்ணுக்குத் தெரியும் வட்டம் ஒரு புலம்) எண்ணிச் சராசரி எடுத்து 15,000-ஆல் பெருக்கினால், ஒரு மைக்ரோலிட்டருக்கு எவ்வளவு என்று தோராயமாகத் தெரியும். கட்டிகள் இருந்தால் இந்தக் கணக்கு செல்லாது.

படி 4: வெள்ளையணு

அதிகம் தென்படுவது நியூட்ரோபில். கரு துண்டு துண்டாக மடிந்திருக்கும், சுற்றியுள்ள சைட்டோபிளாசம் கிட்டத்தட்ட நிறமற்றது. லிம்போசைட்டில் உருண்டைக் கரு, அதைச் சுற்றி மெல்லிய நீலக் கரை, அவ்வளவுதான்.

எல்லோரும் தடுமாறுவது மோனோசைட்டில்தான். அதன் கரு லாடம் போல வளைந்திருந்தால், முதிராத நியூட்ரோபில்லும் அப்படியே இருப்பதால் குழப்பம் வரும். கருவின் வடிவத்தை விடுங்கள், சைட்டோபிளாசத்தைப் பாருங்கள். சாம்பல் கலந்த நீலமாக, சில சமயம் சிறு குமிழ்களோடு இருந்தால் மோனோசைட். கடும் அழற்சியில் நியூட்ரோபில்லும் நீலம் பூசிக்கொள்ளும். அப்போது கருவுக்குள் பாருங்கள்: மோனோசைட்டில் வலை போலத் தளர்வாக இருக்கும், நியூட்ரோபில்லில் திட்டுத்திட்டாக இறுகியிருக்கும்.

ஈசினோபில்லைப் பார்த்தாலே எந்த விலங்கு என்று சொல்லிவிடலாம், எனக்கு மிகவும் பிடித்த அணு இது. நாயில் சைட்டோபிளாசத்துக்குள் ஆரஞ்சு-இளஞ்சிவப்பு மணிகள் உருண்டையாக, ஒரே அளவில் இல்லாமல் இருக்கும். பூனையில் பொடிக் குச்சிகளாக நெருக்கியடித்து நிரம்பியிருக்கும். கிரேஹவுண்ட் போன்ற சில நாய் இனங்களில் மணிகள் சாயம் ஏற்காமல் வெற்றுக் குமிழ்களாகத் தெரியலாம். பேசோபில் அரிது. நாயில் சில அடர் ஊதா மணிகள், பூனையில் வெளிர் ஊதா மணிகள் நிறைய.

படி 5: எண்ணுதல்

100 வெள்ளையணுக்களை வகை பிரித்து எண்ணுங்கள். நடுவே கருவுள்ள சிவப்பணு வந்தால் லிம்போசைட் கணக்கில் சேர்த்துவிடாதீர்கள். அதன் கரு மை அப்பியதுபோல் இறுகிக் கறுத்திருக்கும், சுற்றிலும் சிவப்போ சாம்பலோ கலந்த நிறம் இருக்கும். அதைத் தனியாக, 100 வெள்ளையணுவுக்கு இத்தனை என்று குறித்து வையுங்கள். கருவி தந்த வெள்ளையணு எண்ணிக்கையைத் திருத்த அந்த எண் தேவைப்படும்.