எடைக் குறைப்பு ஆபரேஷனுக்குப் பிறகு புண் வாய் விட்டால்: வீட்டிலேயே கட்டு மாற்றுவது எப்படி

லேப்ராஸ்கோப்பி (வயிற்றில் சின்னச் சின்ன ஓட்டை போட்டுச் செய்கிற ஆபரேஷன்) என்றாலே "சின்ன ஓட்டைதான, நாலு நாள்ல வாடிரும்" என்பார்கள். பெரும்பாலான ஓட்டைகள் அப்படித்தான் வாடும். ஆனால் இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டிக் குழாய் மாதிரி ஆக்குகிற ஸ்லீவ் ஆபரேஷனில், வெட்டிய பகுதியை வெளியே இழுத்து எடுப்பதற்கென்று ஒரு ஓட்டை உண்டு. அது மற்றதைவிடப் பெரிது. சீழ் பிடித்தால் அதிகமும் அங்கேதான் பிடிக்கும். என் அக்காவுக்கும் அதுதான் வாய் விட்டது. சர்ஜன் மறுபடி தைக்கவில்லை. திறந்தே விட்டு, தினமும் உள்ளே காஸ் (கட்டுப்போடும் வலைத்துணி) வைத்துக் கட்டச் சொல்லிவிட்டார். ஆபரேஷன் நடந்தது மதுரையில், நாங்கள் இருப்பது பாளையங்கோட்டையில். பக்கத்துத் தெரு சிஸ்டர் ஒருவர் வந்து பழக்கிவிட, பிறகு நானே கட்டினேன்.

டாக்டர் பார்த்து "வீட்டில் கட்டலாம்" என்று சொன்ன பிறகும் கை நடுங்குகிறவர்களுக்காக எழுதியது இது. அவர் பார்க்கும் முன்னால் புண்ணைத் தொடாதீர்கள். ஸ்லீவா, இரைப்பையைச் சின்னதாக்கிக் குடலோடு இணைக்கிற பைபாஸா, செலவு எவ்வளவு என்பதெல்லாம் இங்கே கிடையாது.

முதலில், என்ன ஈரம் என்று பாருங்கள்

கட்டு நனைந்திருந்தால் உடனே பதற வேண்டாம், நிறத்தைப் பாருங்கள். வைக்கோல் நிறத்தில் தெளிவாக இருந்தால் அது தோலுக்கடியில் கோத்த நீர். கொஞ்சம் என்றால் உடம்பே உறிஞ்சிக்கொள்ளும், வீங்கித் தளும்பினால் டாக்டர் ஊசியால் எடுப்பார். நாம் அமுக்கிப் பிதுக்கக் கூடாது. கெட்டியாக, மஞ்சளாகவோ பச்சையாகவோ, வாடையோடு வந்தால் சீழ். சுற்றியுள்ள தோல் சிவந்து சூடாக இருக்கும். அந்தச் சிவப்பின் ஓரத்தில் பால்பாயின்ட் பேனாவால் ஒரு கோடு போட்டு வையுங்கள். சாயங்காலம் சிவப்பு கோட்டைத் தாண்டியிருந்தால் டாக்டருக்கு ஃபோன்.

ஆறிக்கொண்டிருந்த புண்ணில் திடீரென்று இளஞ்சிவப்புத் தண்ணீர் குபுக்கென்று நிறைய வந்தால் அலட்சியம் கூடாது. அடியில் இருக்கிற தசைத் தையல் விடப்போகிறது என்பதற்கு அது அடையாளமாக இருக்கலாம். அன்றைக்கே போக வேண்டும்.

கட்டை மறந்துவிட்டுக் கிளம்ப வேண்டிய நேரம்

காய்ச்சல் 100.4 டிகிரிக்கு மேல். சும்மா படுத்திருக்கும்போதே நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 120க்கு மேல். இடது தோளில் புதிதாக வலி, மூச்சு வாங்குதல், அடங்காத வயிற்றுவலி. இவை வெளிப்புண்ணின் விஷயமாக இல்லாமல், உள்ளே இரைப்பைத் தையல் கசிவதாக இருக்கலாம். அப்போது வெளியே புண் எவ்வளவு அழகாக இருந்தாலும் பயனில்லை. புண் பிளந்து குடல் தெரிந்தால் உள்ளே தள்ளக் கூடாது. சலைனில் (ஸ்டெரைல் உப்புநீரில்) நனைத்த சுத்தமான காஸால் மூடி, வாயில் தண்ணீர்கூடக் கொடுக்காமல், 108. எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஹைகிரவுண்ட் பெரியாஸ்பத்திரியில் எந்த நேரமும் அவசரப் பிரிவு உண்டு. மதுரையில் செய்த ஆபரேஷன் என்பதற்காக மதுரை வரை இழுத்துக்கொண்டு போக வேண்டாம். அங்கே ஃபோனில் சொல்லிக்கொள்ளலாம்.

சாமான்கள்

ஸ்டெரைல் பாக்கெட்டில் வரும் காஸ், நார்மல் சலைன், கையுறை, முனை மழுங்கிய ஃபோர்செப்ஸ் (இடுக்கி), பேப்பர் பிளாஸ்டர். சலைனை 100 மில்லி பாட்டிலாகவே வாங்குங்கள். 500 மில்லி மலிவுதான், ஆனால் திறந்த பாட்டிலை ஒரு நாளுக்கு மேல் வைக்கக் கூடாது, மிச்சத்தைக் கொட்டத்தான் போகிறீர்கள். பஞ்சு வேண்டவே வேண்டாம், அதன் நார் புண்ணில் ஒட்டிக்கொள்ளும். துணி பிளாஸ்டர் தினமும் உரித்தால் தோலையும் சேர்த்து உரிக்கும். மருந்துக் கடையில் "இதுதான் நல்லா ஒட்டும்" என்று துணி பிளாஸ்டரைத்தான் நீட்டுவார்கள், விடாதீர்கள்.

கட்டு மாற்றுவது

வலி மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தால் அரை மணி நேரம் முன்னால் போட்டுவிடலாம். ஐபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் வகைகளைக் கடையில் கேட்டு வாங்கிப் போடாதீர்கள், குறிப்பாக பைபாஸ் செய்தவர்கள். இரைப்பையில் புண் வரும்.

ஃபேனை நிறுத்துங்கள். சோப்புப் போட்டுக் கை கழுவி, கையுறை மாட்டி, பழைய கட்டை எடுங்கள். உள்ளே இருக்கும் காஸ் காய்ந்து ஒட்டியிருந்தால் சலைனைச் சொட்டுச் சொட்டாக விட்டு ஊற விடுங்கள். வெடுக்கென்று இழுத்தால் புதிதாக வளர்ந்த சதையும் கூடவே வரும். பழைய கட்டை எடுத்த கையுறையைக் கழற்றி, கை கழுவி, புதிது மாட்டி, புண்ணைச் சலைனால் கழுவுங்கள். ஹைட்ரஜன் பெராக்சைடு நுரைப்பதைப் பார்த்தால் நன்றாகச் சுத்தமாவது போலத் தோன்றும். ஆனால் அது வளரும் சதையையும் அரிக்கும். பெட்டாடினும் அப்படித்தான், டாக்டர் சொன்னால் ஒழிய உள்ளே ஊற்ற வேண்டாம்.

இனிதான் எல்லோருக்கும் கை தடுமாறுகிற இடம். குழியைப் பார்த்தால் அடைக்கத் தோன்றும். அடைக்கக் கூடாது. காஸைச் சலைனில் நனைத்து, சொட்டாத அளவுக்குப் பிழிந்து, குழியின் அடி வரைக்கும் மூலைமுடுக்கெல்லாம் தொடும்படி தளர்வாகப் படிய வைக்க வேண்டும், அவ்வளவுதான். இறுக்கித் திணித்தால் சுற்றியுள்ள சதைக்கு ரத்தம் போகாது. தளர்வாக வைத்தால் அடியில் இருந்து சதை மேலே ஏறி வர இடம் கிடைக்கும். மேல்வாய் முந்திக்கொண்டு மூடினால் அடியில் பை மாதிரி நின்று அதில் சீழ் சேரும், பிறகு டாக்டர் மறுபடி திறப்பார். ஆக, புண் வாய் சீக்கிரம் மூடுகிறதே என்று சந்தோஷப்படாதீர்கள். அடி மேலே வருகிறதா என்று பாருங்கள்.

துண்டு துண்டாக வைக்காமல் ஒரே நீளக் காஸாக வைத்து, நுனியை வெளியே விட்டுவிடுங்கள். அக்காவுக்கு நான் ஒரு பழைய தையல் டேப்பை வைத்துக்கொண்டு, உள்ளே போகிற காஸின் நீளத்தைக் காலண்டர் தாளில் குறித்து வந்தேன். போகப் போக நீளம் குறைந்துகொண்டே வந்தது. புண்ணை நேராகப் பார்க்கிறபோது நேற்றைக்கும் இன்றைக்கும் வித்தியாசமே தெரியாது, டேப்பில் தெரியும். "மெல்லட்டி, மெல்ல" என்று கண்ணை மூடிக்கொண்டு கிடந்த அக்காவும், தாளைக் காட்டிய பிறகுதான் கொஞ்சம் சமாதானமானாள்.

நனைந்த காஸ் சுற்றுத்தோலில் படக் கூடாது, பட்டால் தோல் வெளுத்து ஊறிப்போகும். மேலே உலர்ந்த காஸ் வைத்துப் பிளாஸ்டர் ஒட்டுங்கள். அடிச்சதை மாதுளை முத்து போலச் சிவந்து பொடிப்பொடியாக இருந்தால், தொட்டால் லேசாக ரத்தம் துளிர்த்தால், நல்லது. கறுத்திருந்தால் படம் எடுத்து டாக்டருக்கு அனுப்புங்கள்.

வியர்வை, மடிப்பு, நாடா

சித்திரை வைகாசியில் நம் ஊர் வெயிலில் இருபது நிமிஷம் கரண்ட் போனால் வயிற்று மடிப்பு நனைந்துவிடும். அந்த ஈரத்தில் படை வந்து, அரித்து, கட்டு வரைக்கும் பரவும். பழைய வேட்டித் துணியைக் கொதிக்க வைத்து, வெயிலில் காய வைத்து, இஸ்திரி போட்டு, மடிப்புக்குள் ஒற்றை அடுக்காக வைத்தோம். நனைய நனைய மாற்றினோம். பவுடர் போடவில்லை, அது பிசைந்த மாவாகிக் குழிக்குள் போகும்.

சேலை கட்டுகிறவர்களுக்கு யாரும் சொல்லாத ஒன்று: உள்பாவாடை நாடா நேராகப் புண் மேலேயே உட்காரும். ஆறும் வரை நைட்டிதான். வயிற்று பெல்ட் போடச் சொல்லியிருந்தால் அடியில் பருத்தி பனியன் போட்டு, அதன் மேல் கட்டுங்கள். எழும்போது ஒருக்களித்துப் படுத்து, முழங்கையை ஊன்றி எழ வேண்டும். இருமல் வந்தால் தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

சாப்பாடு

புண் ஆறுவதற்குப் புரதம் வேண்டும், நாளுக்கு 60 முதல் 80 கிராம் வரை. சுருங்கிப்போன இரைப்பையில் அதை ஏற்றுவது கட்டு மாற்றுவதைவிடக் கஷ்டம். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம்தான். டயட்டீஷியன் கொடுத்த கட்டத்துக்குத் தகுந்த மாதிரி புரதப்பொடி, பால், மோர், மசித்த பனீர், முட்டை, முள்ளெடுத்த மீன் என்று கொடுங்கள். முதலில் அது, இடம் மிச்சமிருந்தால் சோறு.

இங்கேதான் பார்க்க வருகிறவர்கள் குறுக்கே வருவார்கள். "ஏட்டி, முட்டை குடுக்காத, சீ வச்சிரும்" என்றார் பெரியம்மை. மீனும் ஆகாதாம். பருப்புத் தண்ணியும் சொதியும் போதுமாம். பருப்புத் தண்ணியில் புரதம் கொஞ்சம்தான். சொதி எனக்கும் உயிர், ஆனால் அது தேங்காய்ப்பாலின் கொழுப்பு, புண்ணுக்கு அதனால் பெரிதாக ஆவது ஒன்றுமில்லை. முட்டையால் சீழ் பிடிப்பதில்லை, கிருமியால் பிடிக்கிறது. பெரியவர்களிடம் வாதாடாமல் "டாக்டர் சொல்லியிருக்காங்க பெரியம்மை" என்று முடித்துவிட்டேன். மஞ்சள்பொடி, காப்பித்தூள், தேங்காயெண்ணெய் எல்லாவற்றுக்கும் அதே பதில். அவர்கள் வாங்கி வருகிற அல்வாவைப் பிள்ளைகளிடம் கொடுத்துவிடுங்கள். ரத்தத்தில் சர்க்கரை ஏறினால் புண் ஆறுவது தள்ளிப்போகும்.

பின்சேர்க்கை 1: "குற்றாலத்தில் சீசன் தொடங்கிவிட்டது, கட்டின் மேல் பிளாஸ்டிக் சுற்றிக் குளிக்கலாமா?" என்று அம்பாசமுத்திரத்தில் இருந்து கேட்டிருந்தார்கள். வேண்டாம். அருவி, ஆறு, வாய்க்கால் எதுவும் புண் முழுக்கத் தோல் மூடும் வரை கிடையாது. பிளாஸ்டிக்குக்குள் தண்ணீர் போகும், வெளியே வராது.

பின்சேர்க்கை 2: நன்றாக ஆறிய ஓட்டையில் சில வாரம் கழித்துச் சின்னக் கட்டி, அதில் இருந்து விட்டு விட்டுக் கசிவு, வழக்கமான ஆன்டிபயாட்டிக் போட்டும் நிற்கவில்லை என்று இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். லேப்ராஸ்கோப்பி ஓட்டைகளில் காசநோய்க் கிருமியின் வகையறாவான வேறு மைக்கோபாக்டீரியா தொற்றுவது நம் நாட்டில் உண்டு. சீழில் இருக்கிற கிருமியை வளர்த்துப் பார்க்கிற சாதாரண கல்சர் பரிசோதனையில் அது தப்பிவிடலாம். அதற்கென்று தனியாகப் பரிசோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். அதுதான் என்று தெரிந்தால் மருந்து மாதக்கணக்கில் போகும், நடுவில் நிறுத்தக் கூடாது. போகும்போது டிஸ்சார்ஜ் சம்மரியோடு, இதுவரை போட்ட ஆன்டிபயாட்டிக் அட்டைகளையும் எடுத்துக்கொண்டு போங்கள்.