ஞாயிறு பேச்சுக்கு உங்களைக் கூப்பிட்டால்

அமெரிக்காவில் ஒரு சின்ன யூனிடேரியன் சபைக்கு (கிறிஸ்தவத்திலிருந்து கிளைத்து, இன்று எந்த நம்பிக்கையையும் கட்டாயப்படுத்தாத மதப் பிரிவு) நாலைந்து வாரம் தொடர்ந்து போனால் போதும், காபி மேசைப் பக்கம் யாராவது வந்து "ஜூலையில் ஒரு ஞாயிறு காலியாக இருக்கிறது, நீங்கள் பேசுகிறீர்களா?" என்று கேட்டுவிடுவார். பதறாதீர்கள். 1948-லிருந்து ஏறக்குறைய இருபது வருடம், போதகர் இல்லாமல் உறுப்பினர்களே நடத்திக்கொள்ளும் 'ஃபெலோஷிப்' என்ற சின்னச் சபைகளை யூனிடேரியன்கள் ஊர் ஊராகத் தொடங்கினார்கள். போதகர் இருக்கும் இடங்களிலும் கோடையில் பெரும்பாலும் உறுப்பினர்கள்தான் பேசுவது.

தலைப்பைச் சின்னதாக எடுங்கள். இந்தியர் என்றதும் யோகா, தீபாவளி என்று எதிர்பார்ப்பார்கள், மனமிருந்தால் பேசலாம், கட்டாயமில்லை. ஊர்க் கதைதான் வேண்டும் என்றால் வில்லியம் ராபர்ட்ஸ் இருக்கிறார். இந்தத் தமிழர் சென்னையில் யூனிடேரியன் சபை தொடங்கியது 1795-இல். அமெரிக்க யூனிடேரியன் சங்கமே 1825-இல்தான் உருவானது என்பதையும் சேர்த்துச் சொல்லிப் பாருங்கள், கூட்டம் நிமிர்ந்து உட்காரும்.

பேச்சு 15 நிமிடம், மிஞ்சினால் 20. நிமிடத்துக்கு 120 வார்த்தை என்றால் 15 நிமிடத்துக்கு 1,800 வார்த்தை. எழுதி, வீட்டில் கடிகாரம் வைத்துச் சத்தமாக வாசித்துப் பாருங்கள். உங்களுக்கு முன்னால் சாலிஸ் என்ற கிண்ண விளக்கை ஏற்றுவது, பாட்டு, குழந்தைகளுக்கு ஒரு கதை, காணிக்கை எல்லாம் உண்டு, அப்புறம் அவரவர் எழுந்து மெழுகுவத்தி ஏற்றி அந்த வாரத்து மகிழ்ச்சியையும் துக்கத்தையும் சொல்லும் நேரம். இது எவ்வளவு இழுக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது, அம்மா இறந்ததைச் சொல்பவரை யார் நிறுத்துவது? அதனால் எந்தப் பத்தியை விடலாம் என்று முன்பே பென்சிலில் குறித்து வையுங்கள். முதல் தடவை நான் குறிக்கவில்லை, கடைசி ஐந்து நிமிடம் எல்லோருடைய கண்ணும் காபி மேசை மேல்தான்.

எதிரே இருப்பவர்கள் யார் என்பதுதான் நிஜமான சிக்கல். கடவுள் இல்லை என்பவர், யூதக் குடும்பத்தில் பிறந்தவர், பௌத்த தியானம் செய்பவர், கத்தோலிக்கத்தை விட்டு வந்தவர், இயேசுவை இன்னும் விடாதவர் எல்லாரும் ஒரே வரிசையில் இருப்பார்கள். இங்கே இதை நம்பித்தான் ஆக வேண்டும் என்று எதுவும் கிடையாது. எனவே "நாம் எல்லோரும் நம்புகிற கடவுள்" என்று ஆரம்பித்தால் பாதிப் பேர் விலகிவிடுவார்கள், பழைய மதங்களைக் கிண்டலடித்தால் மீதிப் பேர். "நான் இப்படி நினைக்கிறேன்" என்று சொல்லுங்கள், எவ்வளவு கடுமையான கருத்தானாலும் கேட்டுக்கொள்வார்கள்.

பாட்டுகளையும் உங்களையே தேர்ந்தெடுக்கச் சொல்லலாம். 1993-இல் வந்த சாம்பல் நிற அட்டைப் பாட்டுப் புத்தகத்திலிருந்து தெரிந்த பாட்டாக எடுத்து, எண்களைப் புதன்கிழமைக்குள் பியானோ வாசிப்பவரிடம் கொடுங்கள். புதுப் பாட்டு வைத்தால் நீங்களும் அவரும் மட்டும்தான் பாடுவீர்கள்.

பல சபைகளில் பேச்சு முடிந்ததும் கேள்வி நேரம் உண்டு. ஒருவர் கேள்வி என்று எழுந்து தன் பேச்சையே நிகழ்த்துவார், விட்டுவிடுங்கள், நடத்துபவர் பார்த்துக்கொள்வார். பேச்சைப் பெரிய எழுத்தில் மூன்று நான்கு பிரதி எடுத்துப் போங்கள், காது சரியாகக் கேட்காத பெரியவர்கள் காபி நேரத்தில் கேட்டு வாங்கிக்கொள்வார்கள்.