ஆச்சியின் கேசட், பேத்தியின் போன்: வீட்டுப் பாட்டுகளை ஒரே பென் டிரைவில் சேர்ப்பது எப்படி?

நெல்லைச் சீமையில் பல வீட்டுப் பரணில் இன்னும் ஒரு கேசட் பெட்டி கிடக்கிறது. சுடலைமாடன் கோயில் கொடை விழாவில் நடந்த வில்லுப்பாட்டு, கல்யாணத்தில் வாசித்த நாகஸ்வரம், 1963-இல் தொடங்கிய திருநெல்வேலி வானொலியிலிருந்து பிடித்த பாட்டு என்று வீட்டாரே டேப் ரெக்கார்டரில் பதிந்தவை அதில் இருக்கும். அதே வீட்டுப் பேத்தியின் போனில் போன வாரம் வந்த பாட்டு ஓடும். ஒருவர் பாட்டு இன்னொருவர் காதுக்குப் போகாததற்கு ரசனையைவிடக் கருவிதான் பெரிய காரணம். பேத்தியிடம் கேசட் ஓட்டும் பெட்டி இல்லை. ஆச்சிக்குப் போனில் பாட்டுத் தேடிப் போடத் தெரியாது. இரண்டு பக்கத்துப் பாட்டையும் ஒரே இடத்துக்குக் கொண்டுவரும் வழி இது.

தேவையானவை: ஓடுகிற டேப் ரெக்கார்டர், லேப்டாப், இரண்டு முனையிலும் 3.5 மி.மீ. பின் உள்ள ஸ்டீரியோ ஒயர், யுஎஸ்பி சவுண்ட் கார்டு, ஐசோபுரோப்பைல் ஆல்கஹால், காது குடையும் பஞ்சுக்குச்சி, 32 ஜிபி-க்கு மேற்படாத பென் டிரைவ், இலவசமாகக் கிடைக்கும் ஆடாசிட்டி மென்பொருள்.

1. தரம் பிரித்தல்

எல்லாக் கேசட்டையும் மாற்ற உட்கார்ந்தால் பாதியிலேயே அலுத்துப்போகும். பெரிய கம்பெனிகளின் சினிமாப் பாட்டுக் கேசட்டை ஒதுக்கி வையுங்கள். அந்தப் பாட்டுகள் இதைவிடத் தெளிவாக வேறெங்கும் கிடைக்கும். வீட்டிலும் கோயிலிலும் பதிந்தவைதான் முதல் வேலை. அந்தக் கொடையில் அந்த வில்லுப்பாட்டுப் புலவர் அன்றைக்குப் பாடியது அந்த ஒரே நாடாவில்தான் இருக்கிறது. அடுத்து, சின்னக் கம்பெனிகள் போட்ட வில்லுப்பாட்டு, கணியான் கூத்துக் கேசட்டுகள்.

எடுத்தவுடனே செய்ய வேண்டியது ஒன்று. நாடா வெளியே தெரியும் விளிம்புக்கு எதிர் விளிம்பில், இரண்டு ஓரத்திலும் சின்ன பிளாஸ்டிக் துண்டு இருக்கும். இரண்டையும் ஸ்க்ரூ டிரைவர் நுனியால் உடைத்துவிடுங்கள். அதற்குப் பிறகு யாராவது தெரியாமல் ரெக்கார்டு பொத்தானை அழுத்தினாலும் அது இறங்காது, பாட்டு அழியாது.

நாடாச் சுற்றில் வெள்ளையாகப் பொடி படிந்திருந்தால் அது பூஞ்சை. ஐப்பசி, கார்த்திகை மழைக்கு ஈரம் ஏறும் பரணில் இது சாதாரணம். அதை ஓட்டாதீர்கள்; பூஞ்சை, ரெக்கார்டரில் நாடாவைப் படிக்கும் ஹெட்டில் ஒட்டி அடுத்த கேசட்டுக்கும் போகும். சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு தனி டப்பாவில் போட்டு வையுங்கள். வெயிலில் காயவைத்தால் கூடும் வளையும், நாடாவும் சுருங்கும்.

நல்ல கேசட்டையும் நேராக ஓட்டக் கூடாது. கடைசிவரை ஒருமுறை முன்னே சுற்றி, ஒருமுறை பின்னே சுற்றுங்கள். வருஷக்கணக்காக ஒட்டிக் கிடந்த சுற்றுகள் பிரிந்து இறுக்கம் சீராகும். நாடாவுக்குப் பின்னால் இருக்கும் குட்டிப் பஞ்சுத் திண்டு விழுந்திருந்தால் சத்தம் அமுங்கிக் கேட்கும். அப்போது ஸ்க்ரூ போட்ட வேறொரு கேசட்டைத் திறந்து, அதன் கூட்டுக்குள் இந்த நாடாவை மாற்றிப் போடுங்கள்.

2. டேப் ரெக்கார்டரைத் தயார் செய்தல்

கேசட் கதவைத் திறந்தால் நடுவில் பளபளப்பான ஹெட்டும், பக்கத்தில் கம்பியும் ரப்பர் உருளையும் தெரியும். ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் ஹெட்டையும் கம்பியையும் பஞ்சில் பழுப்பு நிறம் ஏறுவது நிற்கும்வரை துடையுங்கள். ரப்பர் உருளைக்குச் சோப்புத் தண்ணீரில் லேசாக நனைத்த பஞ்சு போதும். அடிக்கடி ஆல்கஹால் பட்டால் ரப்பர் விறைத்து வெடிக்கும். சானிடைசர் ஜெல், மண்ணெண்ணெய், தேங்காயெண்ணெய் எதுவும் வேண்டாம், பிசுக்குத் தங்கும். ஐந்து நிமிஷம் காயவிட்டு ஓட்டுங்கள். நாலைந்து கேசட்டுக்கு ஒருமுறை மறுபடி துடைக்க வேண்டும்.

துடைத்தும் சத்தம் மந்தமாக இருந்தால் ஹெட்டின் சாய்வு மாறியிருக்கும். ஹெட்டுக்குப் பக்கத்தில் ஸ்பிரிங் வைத்த சின்ன ஸ்க்ரூ ஒன்று உண்டு. முதலில் அது இருக்கும் நிலையை மார்க்கரால் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு பாட்டை ஓடவிட்டு, கால் திருப்புக்கு மேல் போகாமல் இரண்டு பக்கமும் மெல்லத் திருப்புங்கள். இதற்கு வில்லுப்பாட்டைப் போல உதவுவது வேறில்லை. வீசுகோல் படும்போது வில்லில் கட்டிய மணிகள் எந்த இடத்தில் மிகக் கூர்மையாகக் கேட்கின்றனவோ அதுதான் சரியான சாய்வு. குடத்தையும் உடுக்கையையும் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியாது, அவை கீழ்ச்சுருதி.

3. பதிதல்

ரெக்கார்டரின் ஹெட்போன் துளையிலிருந்து சவுண்ட் கார்டுக்கு ஒயரைச் செருகுங்கள். கடையில் கேட்கும்போது ‘லைன் இன்’ உள்ள கார்டு என்று சொல்லிக் கேட்க வேண்டும். மைக் துளை மட்டும் உள்ள கார்டில் சத்தம் சீக்கிரம் உடையும். லேப்டாப்பில் இருக்கும் ஒற்றைத் துளையில் நேராகச் செருகினால் பெரும்பாலும் எதுவுமே பதியாது. பழைய ஒற்றை ஸ்பீக்கர் ரெக்கார்டரில் ஒரு சேனலில் மட்டும் சத்தம் வரலாம். அது பழுதல்ல, பதிந்து முடித்தபின் வெறும் சேனலை நீக்கினால் போதும்.

ஆடாசிட்டியில் 44100 ஹெர்ட்ஸ், 16 பிட் என்று வையுங்கள். ரெக்கார்டரின் சத்தக் குமிழைப் பாதி அளவில் வைத்து, கேசட்டில் மிகச் சத்தமான இடத்தைத் தேடி ஓட்டிப் பாருங்கள். வில்லுப்பாட்டில் அது தொடக்கத்தில் இருக்காது; சாமி வருகிற கட்டத்தில் உடுக்கையும் குலவையும் சேரும் இடத்தில் இருக்கும். அங்கே முள் மைனஸ் 6 டெசிபலைத் தாண்டக் கூடாது. தாண்டி உடைந்த சத்தத்தைப் பின்னால் எந்த மென்பொருளும் சரியாக்காது.

‘ம்ம்’ என்று இரைச்சல் கேட்டால் அது கரண்டின் 50 ஹெர்ட்ஸ். லேப்டாப் சார்ஜரைக் கழற்றி, ரெக்கார்டரைக் கட்டை பேட்டரியில் ஓட்டுங்கள், பெரும்பாலும் போய்விடும். லேப்டாப் தூங்காதபடி அமைத்துவிட்டு ஒரு பக்கத்தை நிறுத்தாமல் பதியுங்கள். சி-60 என்றால் பக்கத்துக்கு 30 நிமிஷம், சி-90 என்றால் 45. நிமிஷத்துக்குச் சுமார் 10 எம்.பி. என்ற கணக்கில் ஒரு சி-60 கேசட் 600 எம்.பி. வரும். பதிந்ததை வேவ் (WAV) கோப்பாகச் சேமியுங்கள், அதுதான் மூலம். இதில் எந்தத் திருத்தமும் செய்யாமல் இரண்டு இடத்தில் பத்திரப்படுத்தி, நகலில்தான் மற்ற வேலைகள்.

4. திருத்துதலும் வெட்டுதலும்

பாட்டு தொடங்கும் முன் ‘ஸ்ஸ்’ என்று நாடாச் சத்தம் மட்டும் இருக்கும் இரண்டு விநாடியை மாதிரியாகத் தேர்ந்து ‘நாய்ஸ் ரிடக்‌ஷன்’ கொடுங்கள். பிறகு முழுப் பதிவையும் தேர்ந்து அந்தச் சத்தத்தைக் குறையுங்கள், 6 டெசிபல் போதும். 12-க்கு மேல் போனால் குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல் ஆகிவிடும். கொடைக் கூட்டத்தின் பேச்சு, வெடிச் சத்தம், குலவை இவற்றை நீக்க முயலவே கூடாது. அவையும் அந்தப் பதிவுதான்.

புலவர் குரல் கீச்சென்று வேகமாகக் கேட்கிறதா? பதிந்த அன்றைக்கு பேட்டரி இறங்கியிருக்கும். மெதுவாக ஓடிய நாடாவில் பதிந்தது இப்போது சரியான வேகத்தில் ஓடும்போது சுருதி ஏறிவிடுகிறது. வேகத்தை 3 முதல் 5 சதவீதம் குறைத்துப் பாருங்கள். கேசட்டின் கடைசியில் இது அதிகமாக இருக்கும், அதனால் பகுதி பகுதியாகச் சரிசெய்யுங்கள். அந்தப் புலவரை நேரில் கேட்டவர் பக்கத்தில் இருந்தால் நல்லது.

வில்லுப்பாட்டைச் சினிமாப் பாட்டுப்போல ஐந்தைந்து நிமிஷமாக நறுக்காதீர்கள். காப்பு, வருபொருள், குருவடி, அவையடக்கம், கதை, வாழி என்று அதற்கே அடுக்கு உண்டு, அங்கங்கே வெட்டுங்கள். பெயரில் ஊர், கோயில், ஆண்டு, பாடியவர் இருக்கட்டும். இதெல்லாம் ஆச்சிக்குத்தான் தெரியும். கேசட் ஓடும்போது “ஆச்சி, இது யாரு பாடுதா? எந்தக் கொடை?” என்று கேட்டு, அவர் சொல்வதைப் போனில் பதிந்து அதே ஃபோல்டரில் போடுங்கள்.

5. இரண்டு தலைமுறையும் கேட்கும் வரிசை

ஆச்சிக்கு ஒரு ஃபோல்டர், பேத்திக்கு ஒரு ஃபோல்டர் என்று வைத்தால் அவரவர் ஃபோல்டரைத்தான் அவரவர் கேட்பார்கள். கலந்து கோக்க வேண்டும், ஆனால் கண்டபடி கலக்கக் கூடாது. பக்கத்துப் பக்கத்துப் பாட்டுகளுக்குள் ஏதாவது ஒன்று பொதுவாக இருக்கட்டும்: ராகம், தாளம், வாத்தியம், எது வேண்டுமானாலும்.

வாத்தியம்தான் புதியவர்களுக்குச் சுலபம். காருக்குறிச்சி அருணாசலத்தின் நாகஸ்வரக் கச்சேரியில் ஒரு துண்டு. அடுத்து, 1962-இல் வந்த ‘கொஞ்சும் சலங்கை’ படத்தில் எஸ். ஜானகியின் குரலோடு அவர் வாசித்த ஆபேரி ராகப் பாட்டு. அதற்கடுத்து, பேத்தியின் போனில் நாகஸ்வரம் வரும் புதுப் பாட்டு ஒன்று. தாளத்தைப் பிடித்தால், சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியாரின் காவடிச்சிந்தில் தொடங்கி, அதே நடையில் ஓடும் சினிமாப் பாட்டுக்கும் இன்றைய ராப் பாட்டுக்கும் போகலாம். கணியான் கூத்தில் அடிக்கும் மகுடம் என்னும் பறைக்குப் பின் தோல் வாத்தியம் முழங்கும் எந்தப் பாட்டும் நிற்கும். பாளையங்கோட்டை வீடுகளில் ராகத்தோடு பாடும் கிறிஸ்தவக் கீர்த்தனையையும், மேலப்பாளையம் வீடுகளில் ஒலிக்கும் நாகூர் ஹனிபாவையும் விட்டுவிடாதீர்கள்.

பன்னிரண்டு பாட்டு, 45 நிமிஷம். முதல் வரிசைக்கு அதற்கு மேல் வேண்டாம். எதுவும் ஆறு நிமிஷத்தைத் தாண்ட வேண்டாம். நீண்ட ஆலாபனையென்றால் உச்சம் வரும் பகுதியை மட்டும் எடுங்கள். பாதிப் பாட்டைப் பேத்தியே தேர்வு செய்ய வேண்டும், இதில் பெரியவர்கள் கை வைக்கக் கூடாது.

6. பென் டிரைவ்

புதுப் பாட்டுகள் மிகச் சத்தமாகத் தயாரானவை, கேசட் பதிவு மெலிதானது. அப்படியே போட்டால் ஒவ்வொரு பாட்டுக்கும் ஆச்சி எழுந்து குமிழைத் திருப்ப வேண்டும். எல்லாவற்றையும் ‘லவுட்னஸ் நார்மலைசேஷன்’ மூலம் மைனஸ் 18 எல்யுஎஃப்எஸ் (காதுக்குக் கேட்கும் சத்தத்தின் அளவு) என்ற ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்து, 192 கேபிபிஎஸ் எம்பி3-ஆக மாற்றுங்கள். மணிக்குச் சுமார் 86 எம்.பி. ஆகும்.

பென் டிரைவை ‘ஃபாட் 32’ முறையில் ஃபார்மேட் செய்யுங்கள். சின்ன ஸ்பீக்கர்கள் பலவற்றுக்கு வேறு முறை புரியாது. கோப்புப் பெயர் 01, 02 என்று எண்ணில் தொடங்கட்டும். தமிழ்ப் பெயர் பல கார் ஸ்டீரியோவில் கட்டம் கட்டமாகத் தெரியும், எண் இருந்தால் குழப்பமில்லை. எண் வரிசையிலேயே ஒவ்வொன்றாகக் காப்பி செய்யுங்கள். எந்த வரிசையில் ஏறியதோ அதே வரிசையில்தான் பல ஸ்பீக்கர்கள் பாடும்.

வயதான காதில் மேல்சுருதி முதலில் குறையும், அடிச்சத்தம் சொற்களை மூடிவிடும். ஆச்சி கேட்கும்போது பேஸைக் குறைத்து, ஸ்பீக்கரை அவர் காது உயரத்தில், மின்விசிறிக்குத் தள்ளி வையுங்கள். சத்தத்தைக் கூட்டுவதைவிட இது பலன் தரும்.

வீட்டுக்குள் கேட்பதோடு நிறுத்தாமல் யூடியூபில் ஏற்ற நினைத்தால், பாடிய புலவரிடமோ அவர் குடும்பத்திடமோ முதலில் அனுமதி கேளுங்கள். கேசட்டுகளைத் தூக்கிப் போடவும் வேண்டாம். கடைசிவரை சுற்றி, பெட்டியில் நிற்கவைத்து, ஸ்பீக்கர் காந்தத்துக்குத் தள்ளி, ஈரம் ஏறாத அலமாரியில் வையுங்கள். இன்னும் நல்ல ரெக்கார்டர் கிடைத்தால் மறுபடி பதியலாம்.