எண்ணாகமத்தின் தலைக்கணக்கு அதிகாரங்களைத் தாண்டாமல் வாசிப்பது எப்படி

வேதாகமத்தை முதலிலிருந்து வரிசையாகப் படித்து வருகிறவர்கள் லேவியராகமத்தை எப்படியோ பல்லைக் கடித்துக்கொண்டு முடித்துவிடுவார்கள். அடுத்து எண்ணாகமம் முதல் அதிகாரத்தில் ரூபன் கோத்திரம் இத்தனை பேர், சிமியோன் கோத்திரம் இத்தனை பேர் என்று ஒரே வாக்கியம் பன்னிரண்டு தடவை வந்ததும் கை தானாகப் பக்கத்தைப் புரட்டும். புரட்டாதீர்கள். படைக்கு ஆள் சேர்க்க, வெள்ளி வசூலிக்க, நிலம் பிரிக்க என்று ஒவ்வொரு பட்டியலுக்கும் ஒரு வேலை இருந்தது, அந்த வேலை என்னவென்று பிடித்துவிட்டால் பட்டியல் பேச ஆரம்பித்துவிடும். ஒரு தாள், பென்சில், போனில் இருக்கும் கால்குலேட்டர் போதும்.

எண்களுக்குள் போவதற்கு முன்னால் அடுக்குகளைப் புரிந்துகொள்ளுங்கள். அதற்குச் சரியான இடம் எண்ணாகமம்கூட இல்லை, யோசுவா 7ஆம் அதிகாரம். பிடிபட்ட எரிகோ நகரத்தின் கொள்ளையில் ஒருவன் திருடிவிட்டான், யாரென்று தெரியவில்லை. இஸ்ரவேலரின் தலைவர் யோசுவா என்ன செய்கிறார்? முதலில் கோத்திரங்களை வரவழைக்கிறார், யூதா குறிக்கப்படுகிறது. யூதாவின் வம்சங்களில் சேராகின் வம்சம், அந்த வம்சத்தில் சப்தியின் வீடு, அந்த வீட்டு ஆண்களை ஒவ்வொருவராக நிறுத்தும்போது கர்மீயின் மகன் ஆகான் அகப்படுகிறான். கோத்திரம், வம்சம், வீடு, ஆள் என்று நான்கு படி. எந்த இஸ்ரவேலனையும் இந்த நான்கு படிகளில் இறங்கிக் கண்டுபிடித்துவிடலாம் என்பதுதான் மொத்த ஏற்பாடும். தமிழ் வேதாகமத்தில் இரண்டாம் படியை ஓரிடத்தில் வம்சம் என்றும் இன்னோரிடத்தில் குடும்பம் என்றும் எழுதியிருப்பார்கள், அதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். கோத்திரம் பெரியது, பெயருக்கும் போருக்கும் உதவும். அன்றாட வாழ்க்கையில் ஒருவனுக்கு நிலம், பெண் கொடுக்கல் வாங்கல், கடனில் விற்றுப்போன காணியை மீட்க வரும் உறவினன் எல்லாம் வம்சத்துக்குள்தான்.

இன்னொன்றையும் மனதில் வையுங்கள். இந்த அடுக்கு முழுக்க ரத்த உறவு என்று நினைத்துவிடாதீர்கள். கேனாசியன், அதாவது வெளி இனத்தவன், என்று அழைக்கப்படும் காலேப் யூதா கோத்திரத்தின் சார்பில் வேவு பார்க்கப் போகிறான், எப்ரோன் ஊர் அவனுக்குச் சொந்தக் காணியாகிறது. வெளியிலிருந்து வந்து ஒட்டிக்கொண்டவர்களுக்கும் பட்டியலில் ஒரு தகப்பன் பெயர் கிடைத்துவிடும்.

சரி, இப்போது கணக்குக்கு வருவோம். எந்தக் கணக்கெடுப்பைப் பார்த்தாலும் மூன்று கேள்வி கேளுங்கள்: யாரை எண்ணினார்கள், யாரை விட்டார்கள், எண்ணிக்கையை வைத்து என்ன செய்தார்கள்? எகிப்தை விட்டு வந்த இரண்டாம் வருஷம் இரண்டாம் மாதம் முதல் தேதி சீனாய் வனாந்தரத்தில் நடந்த முதல் கணக்கில் எண்ணப்பட்டது 20 வயதும் அதற்கு மேலும் உள்ள, போருக்குப் போகத்தக்க ஆண்கள் மட்டும். பெண்கள், பிள்ளைகள், கூடார வேலைக்கென்று ஒதுக்கப்பட்ட லேவி கோத்திரத்தார் (லேவியர்) யாரும் இல்லை. மொத்தம் 6,03,550. அடுத்த அதிகாரத்திலேயே இந்த எண்கள் பாளயம் இறங்கும் வரிசையாக மாறிவிடுகின்றன. கிழக்கே யூதாவின் கொடிக்கீழ் 1,86,400 பேர், தெற்கே ரூபனோடு 1,51,450, மேற்கே எப்பிராயீமோடு 1,08,100, வடக்கே தாணோடு 1,57,600. நடுவில் ஆசரிப்புக் கூடாரம், அதாவது கழற்றிச் சுமந்து போகும் வழிபாட்டுக் கூடாரம், அதைச் சுற்றி லேவியர். தாளில் ஒரு சதுரம் போட்டு நான்கு பக்கமும் எழுதிப் பாருங்கள், இரண்டாம் அதிகாரம் அப்படியே படமாகிவிடும்.

லேவியை எடுத்துவிட்டால் பதினொன்றுதானே வரும் என்று கேட்பீர்கள். யோசேப்பு என்ற பெயரில் ஒரு கோத்திரம் எண்ணப்படவில்லை. அவன் மகன்கள் எப்பிராயீமும் மனாசேயும் தனித்தனியாக எண்ணப்படுகிறார்கள், அதனால் பன்னிரண்டு குறையாமல் நிற்கிறது.

லேவியருக்கு மூன்றாம் அதிகாரத்தில் தனிக் கணக்கு, அளவுகோலும் வேறு: ஒரு மாதக் குழந்தை முதல் எல்லா ஆண்களும். ஏனென்றால் இது படைக் கணக்கு இல்லை. இஸ்ரவேலின் முதற்பேறான ஆண்பிள்ளைகளுக்குப் பதிலாக லேவியரை எடுத்துக்கொள்ளும் கணக்கு, அதனால் ஆளுக்கு ஆள் ஈடு கட்ட வேண்டும். முதற்பேறுகள் 22,273, லேவியர் 22,000. மீதி 273 பேருக்கு ஆளுக்கு 5 சேக்கல் (வெள்ளியை நிறுக்கும் எடை) வாங்கி 1,365 சேக்கலை ஆரோனிடம் கொடுக்கிறார்கள். இங்கேதான் கால்குலேட்டரை எடுக்க வேண்டும். கெர்சோன் 7,500, கோகாத் 8,600, மெராரி 6,200 என்று கூட்டினால் 22,300 வருகிறது, 22,000 இல்லை! கோகாத்தின் எண் முதலில் 8,300 ஆக இருந்து, நகலெடுக்கும்போது ஒரு எழுத்து விழுந்து 8,600 ஆகிவிட்டது என்று பலர் சொல்கிறார்கள். எபிரெயத்தில் மூன்றுக்கும் ஆறுக்கும் நடுவில் ஒரே எழுத்துதான் வித்தியாசம் என்பதால் எனக்கும் அது நியாயமாகத்தான் படுகிறது. நான்காம் அதிகாரத்தில் இதே லேவியரை 30 முதல் 50 வயது வரை மறுபடி எண்ணுகிறார்கள், 8,580 பேர் வருகிறார்கள். கூடாரத்தைக் கழற்றிச் சுமக்கத் தோள்பலம் உள்ளவர்கள் எத்தனை பேர் என்ற கணக்கு அது. வேலை மாறினால் வயதும் மாறும்.

அப்புறம் 26ஆம் அதிகாரத்துக்குத் தாவுங்கள். நாற்பது வருஷ அலைச்சல் முடியும் தறுவாயில், மோவாபின் சமவெளியில், எரிகோவுக்கு எதிரே இரண்டாவது கணக்கு. முதல் கணக்கையும் இதையும் இரண்டு பத்தியாக எழுதி ஒவ்வொரு கோத்திரமும் எவ்வளவு கூடியது, எவ்வளவு குறைந்தது என்று ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள். மொத்தம் 6,01,730, அதாவது பெரிய மாற்றம் எதுவும் இல்லாத மாதிரிதான் தெரியும். உள்ளே பார்த்தால் தலைகீழ். மனாசே 32,200 இலிருந்து 52,700 ஆகிறது. சிமியோன் 59,300 இலிருந்து 22,200 ஆக விழுகிறது, பாதிக்கும் மேல் காணோம். முந்தின அதிகாரத்தில் பாகால்பேயோர் என்ற அந்நிய தெய்வத்தை வணங்கிய விவகாரத்தில் 24,000 பேர் வாதையில் செத்தார்கள், அங்கே கொல்லப்பட்ட சிம்ரி சிமியோன் கோத்திரத்துப் பிரபு. இரண்டையும் முடிச்சுப் போடத் தோன்றும், நூல் அப்படிச் சொல்லவில்லை என்பதையும் பென்சிலில் குறித்து வையுங்கள். பின்னால் யோசுவா 19இல் சிமியோனுக்குத் தனி எல்லைகூட இல்லை, யூதாவின் பங்குக்கு நடுவில்தான் இடம் கிடைக்கிறது.

இந்த இரண்டாம் கணக்கில் வம்சங்களின் பெயர்களும் வருகின்றன, முதலாவதில் இல்லை. காரணம், இந்தத் தடவை கணக்கு நிலத்துக்காக. அதிகப் பேருக்கு அதிகப் பங்கு, கொஞ்சப் பேருக்குக் கொஞ்சப் பங்கு, எந்த இடம் என்பது சீட்டுப்போட்டு. ஆகவே 26ஆம் அதிகாரத்தை ஆதியாகமம் 46ஆம் அதிகாரத்தோடு, அதாவது யாக்கோபோடு எகிப்துக்குப் போனவர்களின் பட்டியலோடு, ஒப்பிடுங்கள். பேரன்களாக அங்கே இருந்த பெயர்கள் இங்கே வம்சங்களாக நிற்கும். எது காணாமல் போயிருக்கிறது என்று தேடுங்கள். சிமியோனுக்கு அங்கே ஆறு மகன்கள், இங்கே ஐந்து வம்சம்தான், ஓகாத் இல்லை. தாணுக்கு இங்கே சூகாம் என்று ஒரே ஒரு வம்சம், ஆனால் ஆட்கள் 64,400. பல வம்சங்களைக் கொண்ட பென்யமீனுக்கு 45,600தான். வம்சம் என்பது ஒரே அளவுள்ள பெட்டி இல்லை என்று இதிலேயே தெரிந்துவிடும்.

மனாசேயின் பகுதியில் கொஞ்சம் நின்று போங்கள், இந்த அதிகாரத்தில் எனக்குப் பிடித்த இடம் இதுதான். ஈயேசேர், ஏலேக், அஸ்ரியேல், சேகேம், செமீதா, எப்பேர் என்று வம்சங்கள் வருகின்றன. எப்பேரின் மகன் செலொப்பியாத்துக்கு ஆண்பிள்ளை இல்லை, மக்லாள், நோவாள், ஒக்லாள், மில்காள், திர்சாள் என்று ஐந்து பெண்கள். ஆண்களை எண்ணும் பட்டியலில் ஐந்து பெண்களின் பெயர் எதற்கு என்று யோசித்தால் அடுத்த அதிகாரத்தில் பதில் இருக்கிறது. எங்கள் தகப்பன் பெயர் அவர் வம்சத்திலிருந்து அற்றுப்போகலாமா, எங்களுக்கும் காணி கொடுங்கள் என்று அவர்கள் மோசேயிடம் வந்து நிற்கிறார்கள், வாங்கியும் விடுகிறார்கள். கடைசி அதிகாரத்தில் கோத்திரத்தார் வந்து முறையிட்டதால், சொந்தக் கோத்திரத்துக்குள்ளேயே மணம் செய்ய வேண்டும் என்று ஒரு நிபந்தனையும் சேர்கிறது.

இது வெறும் கதைதானா என்று கேட்கிறவர்களுக்கு ஒரு செய்தி. 1910இல் சமாரியாவில் தோண்டியபோது மையால் எழுதிய பானை ஓட்டுத் துண்டுகள் ஏராளமாகக் கிடைத்தன. கி.மு. 8ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை, எல்லாம் எண்ணெயும் திராட்சரசமும் வந்து சேர்ந்த கணக்கு: இன்ன ஆண்டு, இன்ன இடத்திலிருந்து, இன்னாருக்கு, ஒரு ஜாடி பழைய திராட்சரசம் என்கிற மாதிரி. அந்த இடப் பெயர்களில் அபியேசேர் (நம் ஈயேசேர்தான்), ஏலேக், அஸ்ரியேல், சேகேம், செமீதா எல்லாம் இருக்கின்றன. நோவாளும் ஒக்லாளும்கூட இருக்கிறார்கள். எண்ணாகமத்தில் மகள்களாக வரும் இரண்டு பேர் அங்கே ஜாடி அனுப்பும் வட்டாரங்கள். வம்சப் பட்டியலில் ஒரு பெயரைப் பார்க்கும்போது இது ஆளா, நிலமா, இரண்டுமா என்று கேட்டுப் பழகிக்கொள்ளுங்கள்.

இனி எல்லோரும் மாட்டிக்கொள்ளும் இடம், ஆறு லட்சம் என்ற எண். இருபது வயதைத் தாண்டிய ஆண்களே இவ்வளவு என்றால் பெண்கள் பிள்ளைகளோடு இருபது லட்சமாவது வரும். நீங்களே ஒரு சோதனை செய்யலாம்: 6,03,550ஐ 22,273ஆல் வகுத்தால் 27 வரும். முதற்பேறு ஒருவனுக்கு இருபத்தேழு வளர்ந்த ஆண்கள் என்றால் ஒவ்வொரு தாய்க்கும் எத்தனை பிள்ளை இருந்திருக்க வேண்டும் என்று பாருங்கள். இதற்கு ஆய்வாளர்கள் சொல்லும் பிரபலமான விளக்கம், ஆயிரம் என்று வாசிக்கப்படும் எபிரெயச் சொல்லுக்குப் படைப்பிரிவு என்றும் பொருள் உண்டு என்பது. அப்படிப் பார்த்தால் ரூபன் 46 பிரிவு, 500 ஆள். எல்லாவற்றையும் கூட்டினால் 598 பிரிவு, 5,550 ஆள் ஆகிறது. அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் யாத்திராகமம் 38ஐத் திறந்து பாருங்கள். எண்ணப்பட்ட ஒவ்வொருவனும் அரைச் சேக்கல் கொடுத்தான், வந்த வெள்ளி 100 தாலந்தும் 1,775 சேக்கலும் என்கிறது. ஒரு தாலந்து 3,000 சேக்கல், ஆக 3,01,775 சேக்கல், இரட்டித்தால் துல்லியமாக 6,03,550. அந்த 100 தாலந்து எங்கே போனது என்றால் கூடாரத்தைத் தாங்கும் அடிப்பீடங்களான 100 பாதங்களுக்கு, பாதத்துக்கு ஒரு தாலந்து. ஆக, இந்த நூல்களை இப்போதிருக்கும் வடிவில் எழுதி முடித்தவர்கள் அதை ஆறு லட்சம் ஆட்கள் என்றுதான் புரிந்துகொண்டிருக்கிறார்கள். பிரிவு விளக்கம் சரியாக இருந்தாலும் அது இந்த எழுத்துக்கு முந்தின ஏதோ ஒரு பட்டியலைப் பற்றியதாகத்தான் இருக்க முடியும். இதோடு இன்னொரு முடிச்சும் உண்டு: கூடாரம் நிறுத்தப்பட்டது இரண்டாம் வருஷம் முதல் மாதம் முதல் தேதி, கணக்கெடுத்தது அதற்கு ஒரு மாதம் கழித்து, எண் மட்டும் இரண்டு இடத்திலும் ஒன்றே.

அந்த அரைச் சேக்கலுக்குக் காரணம் யாத்திராகமம் 30இல் இருக்கிறது. எண்ணும்போது வாதை வராதபடி ஒவ்வொருவனும் உயிருக்கு மீட்புப்பொருள் கொடுக்க வேண்டும், பணக்காரன் கூடக் கொடுக்கக்கூடாது, ஏழை குறைக்கக்கூடாது. தலையை எண்ணுவதே ஆபத்தான காரியம் என்ற எண்ணம் இதில் இருக்கிறது. யூப்ரடீஸ் கரையில் மாரி நகரத்தில் கிடைத்த கி.மு. 18ஆம் நூற்றாண்டுக் களிமண் கடிதங்களைப் பார்த்தால் மனிதர்களுக்கும் எண்ணப்படுவதில் விருப்பம் இருந்த மாதிரி தெரியவில்லை. ஹனேயர் என்ற பழங்குடியினர் படைக்குக் கூடிவராததால், சிறையிலிருக்கும் ஒரு குற்றவாளியைக் கொன்று அவன் தலையை ஊர் ஊராகக் கொண்டுபோய்க் காட்டலாமா என்று ஒரு அதிகாரி மன்னன் சிம்ரி-லிமைக் கேட்கிறான்.

இதைப் படித்துவிட்டு அரசன் தாவீதின் கணக்கெடுப்புக்குப் போனால் அவன் படைத்தலைவன் யோவாப் ஏன் தயங்கினான் என்பது விளங்கும். 2 சாமுவேல் 24ஐயும் 1 நாளாகமம் 21ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். முதலாவதில் இஸ்ரவேல் 8,00,000, யூதா 5,00,000. இரண்டாவதில் 11,00,000, 4,70,000. முதலாவதில் தாவீதை ஏவியது கர்த்தரின் கோபம், இரண்டாவதில் சாத்தான். யோவாப் வடக்கே தாண் முதல் தெற்கே பெயெர்செபா வரை சுற்றிவர 9 மாதமும் 20 நாளும் ஆகிறது, அவன் லேவியையும் பென்யமீனையும் எண்ணவே இல்லை என்று நாளாகமம் சொல்கிறது. நம் மூன்று கேள்விகளை இங்கே போட்டால் மூன்றாவது கேள்விக்குப் பதிலே கிடைக்காது. இந்த எண்ணிக்கையை வைத்து என்ன செய்யப் போகிறார் என்று தாவீது ஒரு வார்த்தை சொல்லவில்லை.

கடைசியாக எஸ்றா 2, நெகேமியா 7. பாபிலோனிலிருந்து திரும்பியவர்களின் ஒரே பட்டியல் இரண்டு இடத்தில். இரண்டிலும் மொத்தம் 42,360, ஆனால் தனித்தனியாகக் கூட்டினால் இரண்டுமே அதற்குப் பக்கத்தில்கூட வராது. ஆராகின் புத்திரர் ஒன்றில் 775, மற்றதில் 652. இங்கே கோத்திரம் கிட்டத்தட்ட மறைந்துவிட்டது என்பதைக் கவனியுங்கள். பலர் தகப்பன் வீட்டின் பெயரில், வேறு பலர் பெத்லகேமியர், ஆனதோத்தியர் என்று ஊர்ப் பெயரில் எண்ணப்படுகிறார்கள். வம்ச அட்டவணையில் தங்கள் பெயரைத் தேடிக் காணாத ஆசாரியக் குடும்பங்கள் மூன்று, ஊரீம் தும்மீம் (கடவுளின் முடிவைக் கேட்டறியும் பொருட்கள்) உள்ள ஒரு ஆசாரியன் வரும்வரை பரிசுத்த உணவைத் தொடக்கூடாது என்று ஆளுநர் தள்ளிவைத்துவிடுகிறார். அதில் ஒரு குடும்பத்தின் மூதாதை கீலேயாத்தைச் சேர்ந்த பர்சிலாயின் மகளைக் கட்டிக்கொண்டு மாமனார் வீட்டுப் பெயரையே வைத்துக்கொண்டவன், சொந்தத் தகப்பன் பெயர் அதோடு பட்டியலிலிருந்து நழுவிவிட்டது.